தோட்டத்துத் தராசும் கைப்பேசியும்: சி நூலகத்தைக் கோட்லின் செயலியோடு இணைப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் செயலி எழுதப் பழகுகிறவருக்கு இப்படி ஒரு வேலை வரலாம். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைகளை நிறுக்க ஒரு மின்னியல் தராசு இருக்கிறது. எடையைப் புளூடூத் வழியாக அனுப்பும். அந்தத் தகவலைப் பிரித்துப் படிக்கும் நிரலைத் தராசு விற்றவர் சி மொழியில் எழுதி, நூலகமாகக் கொடுத்திருக்கிறார். மண்டோர், அதாவது தோட்ட மேற்பார்வையாளர், கைப்பேசியில் எடை ஆள்வாரியாகப் பதிய வேண்டும். சாயங்காலம் கிராணியின் (அலுவலகக் கணக்கரின்) கணினியில் உள்ள கணக்கோடு ஒரு காசு பிசகாமல் ஒத்துப்போகவும் வேண்டும். மர நிரைகளுக்கு நடுவே இணையம் எட்டாது என்பதால், எடையைச் சர்வருக்கு அனுப்பிக் கணக்குப் போட்டு வாங்கலாம் என்ற யோசனையும் உதவாது. நீங்கள் செயலி எழுதும் மொழியான கோட்லினும் அவர்கள் கொடுத்த சியும் ஒரே கைப்பேசிக்குள் பேசிக்கொண்டாக வேண்டும்.

ஆண்ட்ராய்டில் இதற்கான பாலம் ஜேஎன்ஐ. ஜாவாவுக்காக வந்தது, கோட்லினுக்கும் அதுவே. சி, சி++ நிரலை ஆண்ட்ராய்டுக்காகத் தொகுக்கும் (கம்பைல் செய்யும்) கருவித் தொகுப்பு என்டிகே. இந்த வேலையில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இரு மொழிகளுக்கும் நடுவிலுள்ள எல்லையில்தான் பிறக்கும். எல்லையைக் கடந்து போகும் பொருள் குறையக் குறையக் கோளாறும் குறையும். கீழே சொல்லும் படிகள் எல்லாமே இந்த ஒரு விதியை ஒட்டியவை. நிரல் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம், தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

முதலில் ஒரு கேள்வி: உண்மையிலேயே இது தேவையா? நூலகத்தின் மூலநிரல் கையில் இருந்து, அது இருநூறு முந்நூறு வரிக்குள் அடங்கினால், கோட்லினில் திருப்பி எழுதுவதே மேல். பராமரிப்பு பாதியாகக் குறையும். மூலநிரல் கிடைக்காதபோது, அல்லது கிராணியின் கணினியிலும் இதே நூலகம் ஓடுவதால் இரண்டு பக்கமும் ஒரே விடை வந்தாக வேண்டும் என்றபோது, அல்லது குலையின் படத்தைப் பார்த்துப் பழுத்ததா காயா என்று கண்டுபிடிப்பது போன்ற கனமான படக்கணக்கு இருக்கும்போது, ஜேஎன்ஐ பக்கம் வாருங்கள்.

கொடுத்ததைச் சோதியுங்கள்

விற்றவர் தரும் உறையில் இரண்டு இருக்க வேண்டும்: தலைப்புக் கோப்பு, அதாவது ஹெடர், அப்புறம் மூலநிரல், இல்லாவிட்டால் தொகுத்த எஸ்ஓ கோப்புகள். எஸ்ஓ மட்டும் வந்தால் அது எந்தச் செயலிக்கூறு (கைப்பேசியின் பிராசசர்) வகைக்குத் தொகுக்கப்பட்டது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு இதை ஏபிஐ (ABI, API அல்ல) என்று குறிக்கும். இன்றைய கைப்பேசிகளுக்கு ஆர்ம்64-வி8ஏ வேண்டும், மலிவான பழைய கைப்பேசிகளுக்கு ஆர்ம்இஏபிஐ-வி7ஏ, இன்டெல், ஏஎம்டி கணினியிலுள்ள எமுலேட்டருக்கு எக்ஸ்86_64. 2019 ஆகஸ்ட் 1 முதல், நேட்டிவ் நிரல் (சி, சி++ போன்றவற்றில் எழுதியது) உள்ள செயலியில் 64 பிட் வடிவமும் இருந்தாக வேண்டும் என்பது கூகுள் பிளேயின் விதி. ஆகவே வி7ஏ மட்டும் தருகிறவரிடம் மற்றதையும் கேட்டு வாங்குங்கள்.

ஏமாற்றிவிடக் கூடியது இன்னொன்று உண்டு. ராஸ்பெர்ரி பைக்காகத் தொகுத்த 64 பிட் எஸ்ஓவை ஆண்ட்ராய்டுக்கும் ஆகும் என்று சிலர் கொடுத்துவிடுவார்கள். வகை பொருந்துவது போலத்தான் தெரியும். ஆனால் அது சாதாரண லினக்ஸின் சி நூலகத்தை நம்பித் தொகுக்கப்பட்டது, ஆண்ட்ராய்டிலோ பயோனிக் என்ற வேறொரு சி நூலகம். ஏற்றும்போது 'லிப்சி.எஸ்ஓ.6' கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். என்டிகேயில் உள்ள எல்எல்விஎம்-ரீட்எல்ஃப் கருவியை மைனஸ் டி தெரிவோடு அந்தக் கோப்பின்மேல் ஓட்டி, 'நீடட்' என்ற வரிகளைப் படியுங்கள். அங்கே 'லிப்சி.எஸ்ஓ' என்று எண் இல்லாமல் இருந்தால் ஆண்ட்ராய்டுக்கானது. பின்னால் 6 இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கருவிகளும் கோப்புறைகளும்

1. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் எஸ்டிகே மேனேஜரைத் திறந்து, எஸ்டிகே டூல்ஸ் பக்கத்தில் என்டிகேயையும் சிமேக்கையும் தேர்ந்தெடுங்கள். என்டிகே ஆர்28 அல்லது அதற்குப் பிந்தியதை எடுங்கள், காரணம் பின்னால் வருகிறது. பதிவிறக்கம் பெரியது, நல்ல இணைப்பு உள்ள இடத்தில் செய்யுங்கள்.

2. மாட்யூலின் கிரேடில் கோப்பில் (செயலியைத் தொகுக்கும் விவரங்கள் உள்ள கோப்பு) என்டிகே பதிப்பு எண்ணை முழுதாக எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் இரண்டு பேர் கணினியில் இரண்டு விதமாகத் தொகுக்கும், ஒருவருக்கு வரும் பிழை மற்றவருக்கு வராது.

3. மூலநிரல் இருந்தால் எஸ்ஆர்சி, மெயின், சிபிபி என்ற கோப்புறைக்குள் போடுங்கள். அங்கேயே சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பு ஒன்றை உருவாக்கி, ஆட்_லைப்ரரி வரியில் நூலகப் பெயரையும் 'ஷேர்ட்' என்ற சொல்லையும் கோப்புப் பெயர்களையும் கொடுங்கள். பதிவேட்டில் எழுத 'லாக்' நூலகத்தையும் இணைத்துவிடுங்கள். கிரேடில் கோப்பின் எக்ஸ்டெர்னல்நேட்டிவ்பில்ட் பகுதியில் இந்தச் சிமேக் கோப்பின் பாதையைக் காட்டுங்கள்.

4. எஸ்ஓ மட்டும் இருந்தால் மெயின் கோப்புறைக்குள் ஜேஎன்ஐலிப்ஸ் என்று ஒன்று உருவாக்கி, அதற்குள் ஏபிஐ பெயரிலேயே தனித்தனிக் கோப்புறை வைத்து, அந்தந்தக் கோப்பை அங்கங்கே போடுங்கள்.

நான்காம் படியில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் செயலியில் வேறொரு நூலகம் ஆர்ம்64, வி7ஏ இரண்டு வடிவிலும் இருக்கிறது, தராசு நூலகம் வி7ஏ வடிவில் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 64 பிட் கைப்பேசியில் நிறுவும்போது, ஆர்ம்64 கோப்புறையில் ஏதோ ஒன்று இருப்பதைப் பார்த்ததுமே ஆண்ட்ராய்டு அந்த வகையைத் தேர்ந்துவிடும். தராசு நூலகம் அங்கே இல்லை, ஆகவே செயலி சாயும். இதே செயலி பழைய 32 பிட் கைப்பேசியில் ஒழுங்காக ஓடும் என்பதால் பலர் கைப்பேசியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். எல்லா நூலகமும் ஒரே ஏபிஐ பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், கிரேடிலில் ஏபிஐஃபில்டர்ஸ் கொடுத்து அந்தப் பட்டியலை உறுதிசெய்யுங்கள்.

எல்லையில் எதைக் கடத்துவது

கோட்லின் பக்கம் ஒரே ஒரு வகுப்பு இருக்கட்டும். அதன் பெயர் தராசு என்று கொள்வோம். அதற்குள் 'எக்ஸ்டெர்னல் ஃபன்' என்று தொடங்கும் நான்கே அறிவிப்புகள் போதும்: திற, பைட்டுகளைக் கொடு, மொத்தம் கேள், மூடு. செயலியின் வேறெந்தப் பகுதியும் சி இருப்பதையே அறிய வேண்டாம். நூலகத்தை ஏற்றும் வரி சிஸ்டம்.லோட்லைப்ரரி. கோப்பின் பெயர் 'லிப்தராசு.எஸ்ஓ' என்றால் இங்கே 'தராசு' என்று மட்டும் கொடுக்க வேண்டும், முன்னொட்டும் பின்னொட்டும் சேர்த்தால் கிடைக்காது.

எடையைக் கிலோவாக மிதவை எண்ணில் (ஃப்ளோட்) கடத்தாதீர்கள். 18.4 கிலோவை 18400 கிராம் என்று முழு எண்ணாகக் கொடுங்கள். கூலியை வெள்ளியில் (ரிங்கிட்டில்) கொடுக்காமல் காசாக, 64 பிட் முழு எண்ணாகக் கொடுங்கள். பத்தில் ஒன்று என்பதை இருமக் கணக்கில் துல்லியமாக எழுத முடியாது. நாளெல்லாம் கூட்டிக்கொண்டே போனால் அந்தச் சிறு பிழை சேர்ந்து கிராணியின் கணக்கோடு முட்டும். தொழிலாளியின் கூலி சம்பந்தப்பட்ட இடத்தில் ஒரு காசு பிசகினாலும் செயலியை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

சி பக்கம் திறக்கும் செயல்கூறு (ஃபங்ஷன்) நினைவகத்தில் ஒரு கட்டமைப்பை உருவாக்கி, அதன் முகவரியைத் திருப்பித் தரும். அந்த முகவரியைக் கோட்லினில் லாங் வகையில் வைத்துக்கொள்ளுங்கள். அது சைக்கிள் நிறுத்துமிடத்தில் தரும் டோக்கன் மாதிரி: பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுப்பது மட்டுமே கோட்லினின் வேலை. இன்ட் வகையில் வைத்தால் 64 பிட் முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டு, அடுத்த அழைப்பிலேயே செயலி விழும். மூடும் செயல்கூறை ஆட்டோகுளோசபிள் வழியாக நீங்களே அழையுங்கள், குப்பை சேகரிப்பான் (கார்பேஜ் கலெக்டர்) பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள், சி ஒதுக்கிய நினைவகம் அதன் கண்ணில் படாது. மூடியதும் அந்த லாங்கைப் பூஜ்யமாக்கி, ஒவ்வொரு அழைப்பிலும் பூஜ்யமா என்று பார்த்துவிட்டே உள்ளே போங்கள். இருமுறை மூடினால் நினைவகம் சிதையும். அந்தச் சிதைவு பத்து நிமிடம் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வெளிப்படும் என்பதால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பெயர் பொருத்தம்

சி பக்கச் செயல்கூறின் பெயர் 'ஜாவா' என்று தொடங்கி, தொகுதிப் (பேக்கேஜ்) பெயர், வகுப்புப் பெயர், செயல்கூறுப் பெயர் என்று அடிக்கோடுகளால் கோக்கப்பட்டிருக்க வேண்டும். தொகுதியில் உள்ள புள்ளிகள் அடிக்கோடாக மாறும். மை.தோட்டம் என்ற தொகுதியில் தராசு வகுப்பின் திற என்றால் 'ஜாவா_மை_தோட்டம்_தராசு_திற'. பெயருக்குள்ளேயே அடிக்கோடு இருந்தால் அது '_1' ஆகும். எனவே பெயர்களில் அடிக்கோடே வேண்டாம். சி++ கோப்பில் எழுதினால் முன்னால் எக்ஸ்டெர்ன் "சி" போட மறக்கக்கூடாது. போடாவிட்டால் தொகுப்பான் பெயரை உருமாற்றிவிடும், தொகுப்பும் பிழையின்றி முடியும், ஓடும்போதுதான் 'நோ இம்ப்ளிமென்டேஷன் ஃபவுண்ட்' என்று வரும். கோட்லினில் புதியவர்கள் இன்னோர் இடத்திலும் சறுக்குவார்கள்: அறிவிப்பைக் கம்பானியன் ஆப்ஜெக்டுக்குள் வைத்தால், சி பக்கப் பெயரில் வகுப்புக்குப் பின் '_00024கம்பானியன்' என்ற துண்டும் சேரும். சாதாரண வகுப்புக்குள் வையுங்கள், தலைவலி மிச்சம்.

இதைவிட நல்ல வழி ரெஜிஸ்டர்நேட்டிவ்ஸ். நூலகம் ஏறும்போது ஓடும் ஜேஎன்ஐ_ஆன்லோட் செயல்கூறில் பெயர், கையொப்பம், முகவரி மூன்றையும் ஓர் அட்டவணையாகக் கொடுத்துவிடலாம். தவறு இருந்தால் செயலி திறக்கும்போதே தெரிந்துவிடும், மண்டோர் எடை மேடையில் நிற்கும்போது அல்ல. கையொப்பத்தில் இன்ட்டுக்கு 'ஐ', லாங்குக்கு 'ஜே', பூலியனுக்கு 'இசட்', பைட் வரிசைக்குச் சதுர அடைப்பின் இடப்பாதியும் 'பி'யும். லாங்குக்கு 'எல்' என்று போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. 'எல்' என்பது வகுப்புப் பெயரின் தொடக்கக் குறி.

தமிழ்ப் பெயர் எங்கே உடைகிறது

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

தமிழ் யூனிகோட் குறிகள் ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட். 'காளியம்மாள்' என்ற பெயரைக் குறிகளாகப் பிரித்தால் க, கால், ள, இகரக் குறி, ய, ம, புள்ளி, ம, கால், ள, புள்ளி என்று 11 வரும். அதாவது 33 பைட். முடிவைக் குறிக்கும் பூஜ்யத்தையும் சேர்த்தால் 34. விற்றவரின் கட்டமைப்பில் பெயருக்கு 32 பைட் ஒதுக்கியிருந்தால், அதில் 31 பைட்தான் எழுத்துக்கு. பத்துக் குறிகள் 30 பைட்டில் முழுதாக அடங்கும், கடைசிப் புள்ளியின் முதல் பைட் மட்டும் அனாதையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தத் துண்டுப் பெயரை நியூஸ்ட்ரிங்யுடிஎஃப் மூலம் கோட்லினுக்குத் திருப்பினால், சோதனை (டீபக்) வடிவத்தில் 'இன்புட் இஸ் நாட் வேலிட் மாடிஃபைட் யுடிஎஃப்-8' என்று செயலியே நின்றுபோகும். அதே நூலகத்தில் 'ராமு' ஒழுங்காக வரும், 'கலா'வும் வருவாள், காளியம்மாள் வந்தால் மட்டும் விழும்.

தீர்வு எளிது. பெயரை எல்லை தாண்டவே விடாதீர்கள். ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, எண்ணை மட்டும் சியிடம் அனுப்புங்கள். பெயர் கோட்லின் பக்கத் தரவுத்தளத்திலேயே இருக்கட்டும். பெயர் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், கோட்லினில் அதை யுடிஎஃப்-8 பைட் வரிசையாக மாற்றி அனுப்புங்கள். வெட்டுவதானால் முழுக்குறி முடியும் இடத்தில் வெட்டுங்கள். கெட்ஸ்ட்ரிங்யுடிஎஃப்சார்ஸ் தருவது ஜாவாவின் திருத்திய யுடிஎஃப்-8. தமிழுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் யாராவது பெயரோடு ஒரு ஈமோஜி சேர்த்தால் 4 பைட் வர வேண்டிய இடத்தில் 6 பைட் வரும். அந்தச் செயல்கூறால் வாங்கியதை ரிலீஸ்ஸ்ட்ரிங்யுடிஎஃப்சார்ஸ் மூலம் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

பைட் வரிசைக்குக் கெட்பைட்அரேரீஜன் போதும். உங்கள் சி இடைநினைவகத்தில் நகல் எடுத்துக் கொடுத்துவிடும், திருப்பிக் கொடுக்கும் கடமை இல்லை. தராசு அனுப்பும் சில பைட்டுகளுக்கு நகல் செலவு ஒரு பொருட்டே இல்லை. கேமராப் படம் போன்ற பெரிய தரவுக்கு மட்டும் டைரக்ட் பைட்பஃபர் பக்கம் போங்கள்.

இழைகளும் ரெஃபரன்ஸ்களும்

முதன்மை இழையில் (மெயின் த்ரெட்) சி செயல்கூறை அழைக்காதீர்கள். தராசு பதில் தராமல் நூலகம் உள்ளே காத்திருந்தால் திரை உறைந்துவிடும். தொடுதலுக்கு 5 வினாடி பதில் இல்லையென்றால் 'செயலி பதிலளிக்கவில்லை' என்ற பெட்டி வரும். கோரூட்டினில் தனி டிஸ்பாட்சர் கொடுங்கள். சி நூலகங்களில் பல ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பைத் தாங்காது, ஆகவே லிமிடெட்பேரலலிசம் 1 என்று கட்டுப்படுத்துங்கள். நூலகம் இழைக்கென்று தனி நினைவு வைத்திருந்தால் அதுவும் போதாது. அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு நேரத்தில் ஓர் அழைப்புதான் ஓடும், ஆனால் இழை மாறலாம். அப்போது நியூசிங்கிள்த்ரெட்கான்டெக்ஸ்ட் வேண்டும்.

நூலகம் தானே இழை தொடங்கி உங்களைத் திருப்பி அழைக்கும் வகை என்றால் கூடுதல் கவனம் தேவை. ஜேஎன்ஐ செயல்கூறுகளை அழைக்கத் தரப்படும் ஜேஎன்ஐஎன்வ் சுட்டி ஒவ்வோர் இழைக்கும் தனி, சேமித்து வைத்து இன்னோர் இழையில் பயன்படுத்தக் கூடாது. சேமிக்க வேண்டியது ஜாவாவிஎம். புதிய இழையில் அட்டாச்கரண்ட்த்ரெட் செய்து, வேலை முடிந்ததும் டிடாச் செய்யுங்கள், செய்யாமல் இழை முடிந்தால் செயலி சாயும். அங்கே ஃபைண்ட்கிளாஸ் உங்கள் வகுப்பைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அது ஆண்ட்ராய்டு அமைப்பின் வகுப்பேற்றியிடம் (சிஸ்டம் கிளாஸ்லோடர்) மட்டுமே தேடும். ஜேஎன்ஐ_ஆன்லோடிலேயே தேடி நியூகுளோபல்ரெஃப் ஆக்கி வைத்துவிடுங்கள். முடிந்தால் திருப்பி அழைப்பதையே தவிர்த்து, கோட்லின் வந்து கேட்கும்படி அமைப்பதுதான் எங்கள் பரிந்துரை.

சிக்குள் ஒரு சுழற்சியில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு ஜாவா பொருள் உருவாக்கினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு லோக்கல் ரெஃபரன்ஸ் சேரும். ஆண்ட்ராய்டு 8.0க்கு முந்தியவற்றில் 512இல் அட்டவணை நிரம்பிச் செயலி விழும். சுழற்சிக்குள்ளேயே டிலீட்லோக்கல்ரெஃப் செய்யுங்கள். அதைவிட, எல்லா எண்களையும் ஒரே லாங் வரிசையில் அடுக்கி ஒரே தடவையில் திருப்பினால் இந்தக் கவலையே இல்லை.

சி++ எறியும் விதிவிலக்கு (எக்செப்ஷன்) எல்லையைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு நுழைவாயிலிலும் பிடித்து, த்ரோநியூ மூலம் கோட்லின் விதிவிலக்காக மாற்றி, உடனே திரும்பிவிடுங்கள். ஒரு ஜாவா விதிவிலக்கு நிலுவையில் இருக்கையில் பெரும்பாலான ஜேஎன்ஐ செயல்கூறுகளை அழைக்கவும் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட சி++ எஸ்ஓ இருந்தால் எல்லாமே சி++_ஷேர்ட் என்ற பொது நூலகத்தைப் பயன்படுத்தட்டும்.

16 கேபி விதி

2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேற்பட்டதைக் குறிவைத்துக் கூகுள் பிளேயில் ஏற்றும் புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் 16 கேபி நினைவகப் பக்கத்தைத் தாங்க வேண்டும். கோட்லினில் மட்டும் எழுதியவர்களுக்குக் கவலை இல்லை, எஸ்ஓ வைத்திருப்பவர்களுக்குத்தான். என்டிகே ஆர்28 முதல் இது தானாக நடக்கும், ஆர்28 எடுக்கச் சொன்னது இதற்காகவே. பழைய என்டிகேயில் இணைப்பானுக்கு மேக்ஸ்-பேஜ்-சைஸ் 16384 என்று கொடுக்க வேண்டும். விற்றவரின் எஸ்ஓவை ரீட்எல்ஃப் மைனஸ் எல் தெரிவோடு ஓட்டி 'லோட்' வரிகளின் சீரமைப்பைப் பாருங்கள்: 0எக்ஸ்4000 என்றால் சரி, 0எக்ஸ்1000 என்றால் அவர்களே மறுபடி தொகுத்துத் தர வேண்டும்.

விழுந்தால் எங்கே பார்ப்பது

'லைப்ரரி நாட் ஃபவுண்ட்' என்றால் ஏபிஐ கோப்புறை, அல்லது நூலகம் சார்ந்திருக்கும் இன்னொரு எஸ்ஓ. 'நோ இம்ப்ளிமென்டேஷன் ஃபவுண்ட்' என்றால் பெயர் அல்லது எக்ஸ்டெர்ன் "சி". 'கெனாட் லொகேட் சிம்பல்' என்றால் கைப்பேசியின் ஆண்ட்ராய்டு பதிப்பைவிடப் புதியதை எதிர்பார்த்துத் தொகுத்திருக்கிறார்கள், இல்லையேல் ஒரு நூலகம் இணைப்பில் விட்டுப்போயிருக்கிறது. சிக்செக்வி என்று வந்து, தவறிய முகவரி பூஜ்யம் அல்லது பூஜ்யத்தை ஒட்டிய சிறு எண்ணாக இருந்தால் வெற்றுச் சுட்டி, பெரும்பாலும் மூடிய பிறகு அழைத்திருப்பீர்கள். பிழைப் பதிவேட்டை (லாக்) என்டிகே-ஸ்டாக் கருவிக்குள் செலுத்தினால் முகவரிகள் வரி எண்களாக மாறும். அதற்குக் குறியீட்டுப் பெயர்கள் (சிம்பல்) நீக்கப்படாத எஸ்ஓ வேண்டும் என்பதால், வெளியிடும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

கோட்லினுக்குப் பதிலாக டார்ட் மொழியில் ஃப்ளட்டர் செயலி எழுதுகிறவர்களுக்கு ஜேஎன்ஐ தேவைப்படாது. டார்ட்டின் எஃப்எஃப்ஐ நேரடியாகச் சி செயல்கூறை அழைக்கும், எஃப்எஃப்ஐஜென் ஹெடரைப் படித்து டார்ட் அறிவிப்புகளை எழுதித் தரும். ஏபிஐ கோப்புறை, 16 கேபி, முழு எண் கூலி எல்லாம் அங்கேயும் அப்படியே பொருந்தும். மால்லாக் செய்ததை ஃப்ரீ செய்வது உங்கள் பொறுப்பு.

மண்டோரிடம் கொடுப்பதற்கு முன்பு ரிலீஸ் வடிவத்தைத் தொகுத்து அதையே சோதியுங்கள். டீபக் வடிவத்தில் ஜேஎன்ஐ அழைப்புகளைச் சரிபார்க்கும் செக்ஜேஎன்ஐ உங்களைக் காவல் காக்கும், ரிலீஸில் அந்தக் காவல் இல்லை. அதோடு நிரலைச் சுருக்கும் கருவியான ஆர்8 வகுப்புப் பெயர்களைச் சுருக்கிவிடும். எக்ஸ்டெர்னல் அறிவிப்புகளை ஆண்ட்ராய்டின் இயல்பு விதிக் கோப்பு காப்பாற்றும், ஆனால் சியிலிருந்து நீங்கள் பெயர் சொல்லித் தேடும் வகுப்புகளுக்கு நீங்களே 'கீப்' விதி எழுத வேண்டும். சோதனைக்கு ஒரு பழைய 32 பிட் கைப்பேசியும் ஒரு புதிய 64 பிட் கைப்பேசியும் எடுங்கள், ஏரோபிளேன் மோடில் போட்டுப் புளூடூத்தை மட்டும் திறந்துவிடுங்கள். ஆள் பட்டியலில் காளியம்மாளும் இருக்கட்டும், ஈமோஜி போட்ட பெயரும் ஒன்று இருக்கட்டும். பூஜ்ய எடை, எடை வந்துகொண்டிருக்கும்போதே தராசை அணைப்பது, பதிவின் நடுவே திரையைத் திருப்புவது மூன்றையும் செய்து பாருங்கள். பிறகு ஒரு முழுநாள் எடைப்பதிவை இரண்டு கைப்பேசியிலும் கிராணியின் கணினியிலும் ஓட்டி, மூன்று மொத்தமும் கிராம் கிராமாக ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகே கொடுங்கள்.